ஏப்ரல் 2 இணைப்பில் வந்த ஒரு வரி பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் உங்கள் நாளிதழை முதலில் கையில் எடுப்பது என் தம்பி. வயது 29, ஆட்டிசம் உள்ளவன். காலை ஆறு மணிக்கு பேப்பர் வாசலில் விழுந்தால் ஏழரைக்குள் வரி விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டு, கண்ணில் படும் அச்சுப்பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைப்பான். ஏப்ரல் 2ஆம் தேதி, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளுக்காக நீங்கள் வெளியிட்ட இணைப்பில் ஒரு வரிக்கு நீளமாக அடிக்கோடு போட்டிருந்தான். எழுத்துப்பிழையா என்று பார்த்தேன், இல்லை. "இவர்களால் பிறருடைய உணர்வுகளைப் புரிந்துகொள்ள முடியாது" என்ற வரி அது. "அக்கா, இது யாரைப் பத்தி எழுதியிருக்காங்க?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூவரும் செய்த சோதனை. சாலி, ஆன் என்று இரண்டு பொம்மைகள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டுப் போகிறாள், அவளுக்குத் தெரியாமல் ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கிறாள், திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள் என்று குழந்தைகளிடம் கேட்டார்கள். கூடையில் என்பதுதான் சரியான பதில். ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர் தவறாகச் சொன்னார்கள். மீதி 4 பேர் சரியாகச் சொன்னார்கள், அந்த நாலு பேரை உங்கள் கட்டுரையாளர் எங்கே விட்டார் என்று தெரியவில்லை. கோலிக்குண்டு எங்கே இருப்பதாக சாலி நினைக்கிறாள் என்று ஊகிப்பதும், அடுத்தவர் வருந்தும்போது மனம் கலங்குவதும் ஒன்றா?

2012இல் டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், இந்தப் புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எழுதினார். உலகத்தை வேறு வேறு விதமாக உணரும் இரண்டு பேர் சந்தித்தால் இருவருக்குமே மற்றவரைப் புரிவதில்லை, ஆனால் குறை மட்டும் ஒருவர் தலையில் கட்டப்படுகிறது என்றார். 2020இல் எடின்பரோவில் கேத்தரின் க்ராம்ப்டன் குழுவினர் எட்டெட்டுப் பேராக வரிசை அமைத்து, ஒரு கதையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சொல்லச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்களே இருந்த வரிசையில் கதை மற்றவர்களின் வரிசையைப் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது, இருவரும் கலந்திருந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது. பின்னர் இன்னும் பெரிய அளவில் செய்தபோது கலந்த வரிசையின் தடுமாற்றம் அவ்வளவாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ளவர்கள் அதிலும் பின்தங்கவில்லை. இதெல்லாம் வெளிவந்து இத்தனை வருடங்கள் ஆன பிறகும் "முடியாது" என்று ஒரே வார்த்தையில் அச்சடிக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது ஐயா?

எங்கள் அப்பா இறந்து நாலு வருடம் ஆகிறது. அன்றைக்கு வீட்டில் ஒப்பாரி, வாசலில் பறை, தெருமுனையில் வெடி. தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான். "பெத்த அப்பன் கிடக்கான், இவன் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல" என்று என் சொந்தப் பெரியம்மா கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனால், அதுவரைக்கும் கேஸ் அடுப்பைத் தொட்டே பார்க்காதவன் காபி போட்டுக்கொண்டிருந்தான். முப்பது வருடமாக அம்மாவுக்கு அந்த நேரத்துக்குக் காபி போட்டுக் கொடுத்தது அப்பா. அந்த நினைவு எங்களில் யாருக்கும் வரவில்லை, கட்டிப்பிடித்து அழுத எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. டிகாஷன் கசந்தது, அம்மா முழுவதும் குடித்தார். இன்று வரைக்கும் அவன்தான் போடுகிறான்.

சின்ன வயதில், வீட்டுக்கு வந்தவர்கள் "போயிட்டு வரேன்" என்று கிளம்பினால் "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்பான். சொன்ன நேரத்துக்கு வாசலில் போய் நிற்பான். அவர்கள் வரமாட்டார்கள், இவன் அழுவான். "சாப்டாச்சா?" என்று யாராவது கேட்டால் எத்தனை இட்லி, என்ன சட்னி என்று முழுதாகச் சொல்வான், கேட்டவர் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருப்பார். இப்போது அவனுக்குத் தெரியும், நாம் சொல்வதில் எது நிஜம், எது வெறும் பேச்சு என்று ஒவ்வொன்றாகப் படித்து வைத்திருக்கிறான். நம்மோடு வாழ வேண்டும் என்பதால் 29 வருடமாக நம் பாஷையைக் கற்றுக்கொண்டவன் அவன். அவன் கையை உதறினால் பயந்திருக்கிறான், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் தவிக்கிறான், இதைக் கற்றுக்கொண்டவர்கள் எங்கள் சொந்தபந்தத்தில் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல்கூட அதிகம். அப்படியிருக்க, புரிந்துகொள்ள முடியாதவன் என்று அவனைச் சொல்கிறீர்கள்.

அவன் பி.காம். ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் போனபோது எழுத்துத் தேர்வில் அவனுக்குத்தான் முதல் இடம். நேர்காணல் ஐந்து நிமிடம்கூட நடக்கவில்லை, "முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கிறார்" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். 2017இல் வந்த நோவா சாஸன் குழுவின் ஆய்வை அப்புறம்தான் படித்தேன். ஆட்டிசம் உள்ளவர்கள் பேசும் சில வினாடி வீடியோவைப் பார்த்தவர்கள் இவர்களோடு பழக விருப்பமில்லை என்றார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த ஒதுக்கல் காணாமல் போனது. எங்களுக்கு இதை யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. தம்பி இப்போது வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறான், வேலை வருவதும் போவதும் வாட்ஸ்ஆப்பில். இதுவரை ஒரு புகார் வந்ததில்லை. அவனை நேரில் பார்த்திருந்தால் அந்த வேலையைக் கொடுத்திருப்பார்களா என்று நினைக்கவே எனக்கு பயமாக இருக்கிறது.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனோம். தகரக் கொட்டகை, நானூறு பேர், தலைக்கு மேல் ஒலிபெருக்கி. மூன்று மணி நேரம் பொறுத்தவன் நாலாவது மணியில் எழுந்து ஓடிவிட்டான். தாளில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதினார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசத்தையும் சேர்த்தாகிவிட்டது, அந்த ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று. கட்டுரையின் தலைப்பில் "மன இறுக்கம்" என்று போட்டிருந்தீர்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அலுவலக டென்ஷனுக்கும் அதைத்தான் சொல்கிறோம். அன்று மாலையே எதிர்வீட்டு அம்மா வந்து, "தம்பிக்கு யோகா சொல்லிக் கொடுங்க, மனசு இளகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நல்லவர், உங்கள் தலைப்பைத்தான் நம்பினார்.

இதற்கு முன்னும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். ஓர் அரசியல் பத்தியில் "ஆட்டிசம் பிடித்த நிர்வாகம்" என்று வசவாக எழுதியபோது ஒரு தடவை, ஞாயிறு சிறுகதையில் கோயில் மணிச் சத்தத்தில் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் "குணமான"போது ஒரு தடவை. இரண்டும் வரவில்லை. இடம் இருந்திருக்காது என்று அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இருபது வருடமாகச் சந்தா கட்டும் வீடு இது, ஒரு அட்டையில் பதில் வந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த வரி தவறு என்று இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள். "மன இறுக்கம்" வேண்டாம், ஆட்டிசம் என்றே எழுதுங்கள், எல்லோருக்கும் புரிகிறது. அடுத்த ஏப்ரலில் மருத்துவரிடம் கேட்பதோடு ஆட்டிசம் உள்ள ஒருவரிடமும் கேளுங்கள், பேசச் சிரமப்படுபவர் என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் இதை அனுப்புகிறேன். பெயர் போடக்கூடாது என்றான், இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்ததைத் திருத்திக் கொடுத்தான். திருத்தம் எந்தப் பக்கத்தில் வரும் என்று அன்றிலிருந்து தினமும் கேட்கிறான். தேதியை முன்கூட்டியே தெரிவித்தால் அவனிடம் சொல்லி வைப்பேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கும்பகோணம்.