அகஸ்டஸ் காசில் இருப்பது போர்வெறியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில், ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் வெளியிட்ட வெள்ளி தினாரியஸ் காசின் படத்துக்குக் கீழே, "கேடயமும் ஈட்டியும் பொறித்த இக்காசு ரோமானியரின் போர்வெறிக்குச் சான்று" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கேடயத்தின் மேல் கைவைத்து நிற்கும் இருவரும் போர்க்கவசம் அணியாமல், ரோமானியக் குடிமக்களின் அமைதிக்கால மேலாடையான டோகா உடுத்தியிருப்பதை யாரும் கவனிக்கவில்லை போலும். அவர்கள் கேயுஸ், லூசியுஸ். அகஸ்டஸின் மகள் ஜூலியா பெற்ற பிள்ளைகள். பாட்டனாரே தத்தெடுத்து வாரிசாக்கியவர்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. குதிரைவீரர் வகுப்பினர் அவர்களை இளைஞர்களின் தலைவர்கள் என வாழ்த்தி வெள்ளிக் கேடயங்களும் ஈட்டிகளும் அளித்ததை அகஸ்டஸே தம் சாதனைக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கேடயங்களுக்கு மேலே உள்ள சிறு அகப்பை கேயுஸ் ஏற்ற குருமார் பதவிக்கும், தலை வளைந்த கோல் லூசியுஸ் ஏற்ற நிமித்தம் பார்க்கும் பதவிக்கும் அடையாளம். அடுத்து ஆளப்போவது யார் என்று ஊருக்குச் சொல்வதற்காக, கி.மு. 2 முதல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அடித்த காசு இது. லூசியுஸ் கி.பி. 2-லும் கேயுஸ் கி.பி. 4-லும் இறந்துபோக, ஆட்சி டைபீரியஸுக்குப் போயிற்று.

பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். கரூர் அமராவதி மணலில் கிடைத்த காசுகளை லென்சு வைத்துப் பார்த்துப் பழகியவன். எழுத்தெல்லாம் மழுங்கிப்போன காசிலும் அந்த இரண்டு கேடயங்களின் வட்டம் விரலில் தட்டுப்படும். அதைக் கொண்டே இன்ன காசென்று சொல்லிவிடலாம்.

இது முதல் முறையாக இருந்தால் பொறுத்திருப்பேன். முன்பு டைபீரியஸ் காசின் பின்புறத்தில் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண்ணை, டைபீரியஸின் தாய் லிவியா என்று பலரும் கருதும் அந்த அம்மையாரை, "அரியணையில் டைபீரியஸ்" ஆக்கினீர்கள். புதுக்கோட்டைப் பகுதியில் 1898-ல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் மேலுள்ள உளிவெட்டு, அவை மீண்டும் காசாகப் புழங்காதிருக்கப் போட்டது என்று அறிஞர்கள் விளக்கியிருக்க, தங்கள் இதழோ அதைத் தமிழர் ரோமப் பேரரசனுக்குக் காட்டிய எதிர்ப்பு என்று முழங்கியது. இரண்டுக்கும் கடிதம் எழுதினேன், ஒன்றும் வெளிவரவில்லை. ராசிபலனுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கும் இதழில் இட நெருக்கடி இருக்கத்தான் செய்யும்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். படத்தையும் மறுபடி போடுவதாக இருந்தால், இம்முறை தலைகீழாக அச்சிடாமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர் ஒருவர்,
கரூர்.