அரசு இன்சூரன்ஸ் எதுக்குன்னு கேக்குதவங்களுக்கு

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, நேத்துலருந்து குரூப்புல அரசாங்கத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி எதுக்குன்னு ஒரே ஃபார்வர்டா வருது, பாத்துட்டு சும்மா இருக்க முடியல. 1956 ஜனவரி 19 அன்னைக்கு நிதி மந்திரி தேஷ்முக் ரேடியோவுல லைஃப் இன்சூரன்ஸ அரசு எடுத்துக்கிடுதுன்னு சொன்னப்பவும் முதலாளிமாரு எதிர்க்கத்தான் செஞ்சாங்க, ஆனா அதுக்கு முன்ன கம்பெனி திவாலாகி பிரீமியம் கட்டுனவங்க தெருவுல நின்னது எத்தன தடவ. 245 கம்பெனி, சொசைட்டிய சேத்துதான் செப்டம்பர் 1ல எல்.ஐ.சி வந்துச்சு.

எங்கம்மா முக்கூடல்ல பீடி சுத்தி கட்டுன பாலிசி, ரசீதெல்லாம் ரப்பர்பேண்ட் போட்டு மஞ்சப்பையில வச்சிருப்பா, அக்கா கல்யாணத்துக்கு அதுதான் கைகொடுத்துச்சு.

அரசு ஆபீஸ்னா அலைய விடுதாங்கங்குற கோவம் நியாயம், அத சேந்து தட்டிக் கேப்போம். எதிர்க்குதவங்க உங்க காரணத்த சொந்தமா எழுதுங்க, ஃபார்வர்டு மட்டும் போடாதீங்க.