அந்தப் பாட்டை நாம் பார்க்கவேயில்லை

வெள்ளவத்தை
ஞாயிறு, பின்னேரம்

அன்புள்ள சிநேகிதிக்கு,

நலம். உன் நலமும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி பழையபடிதான். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலுக்கு நடந்தே போவேன் என்று அடம்பிடிக்கிறார். ஊர்ப் புதினம் அவ்வளவுதான். இன்று எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

நேற்றிரவு மகளுடன் 'டாய் ஸ்டோரி 2' என்ற பொம்மைகளின் கார்ட்டூன் படம் பார்த்தேன். முழுவதுமாகப் பார்த்தேன். 2001இல் மின்வெட்டு நேரத்தைக் கணக்குப் பார்த்து, உங்கள் வீட்டு முன்னறையில் தேயத் தேயப் போட்டோமே அந்த வீசீடி, அதில் கீறல் விழுந்த இடம் நினைவிருக்கிறதா? ஜெஸிப் பொம்மை ஜன்னலோரம் உட்காருவாள், படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும், நீ ரிமோட்டை எடுத்துத் தாண்டிவிடுவாய். "பாட்டுத்தான், ஒன்றுமில்லை" என்பாய். நானும் இத்தனை வருடம் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒன்றுமில்லாத பாட்டா அது! ராண்டி நியூமன் எழுதி, சாரா மக்லாக்லன் பாடியது. மூன்று நிமிடம்தான், யாரும் பேசுவதில்லை. ஜெஸியை வைத்து விளையாடிய எமிலி என்ற சிறுமி வளர்கிறாள். ஜெஸி கட்டிலுக்கடியில் விழுந்து வருடக்கணக்கில் கிடக்கிறாள். பிறகு ஒருநாள் எமிலியின் கை அவளைத் தூக்கி அணைத்துக் காரில் கூட்டிப் போகிறது. பொம்மைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கார் நிற்பது தானப் பெட்டிக்குப் பக்கத்தில். பெட்டி ஓட்டையால் அவள் கார் போவதைப் பார்க்கிறாள். நான் மகளுக்குத் தெரியாமல் குசினிக்குப் போய்த் தேநீர் போடுகிற சாட்டில் நின்றேன்.

இதைப் பார்க்காமல்தானே ஜெஸிக்கு 'அடங்காப்பிடாரி' என்று பட்டம் கட்டினோம்? மறுபடி பெட்டிக்குள் போகமாட்டேன் என்று அவள் மூச்சு வாங்கும்போதெல்லாம் நாம் விழுந்து விழுந்து சிரித்தோமடி. காரணம் அந்தக் கீறலுக்குள் இருந்திருக்கிறது.

மகளுக்குப் பிடித்தது பொம்மை திருத்தும் கிழவர். கதாநாயகப் பொம்மை உடியைச் சின்னக் கதிரையில் இருத்தி, கண்ணைப் பஞ்சால் துடைத்து, கிழிந்த கையைத் தைத்து, சப்பாத்தின் அடியில் அவன் சொந்தக்காரச் சிறுவன் ஆண்டி எழுதிய பெயரைப் பெயின்ற் பூசி மறைத்துவிடுவார். அந்தத் தூரிகை இழுபடும்போது அவள் "ஐயோ, பெயர்!" என்று கத்திவிட்டாள். எனக்கு உன் அம்மம்மாதான் கண்ணுக்குள் நின்றார். கறுப்பு நூல்தான் இருக்கிறது என்று உன் பொம்மையின் வெள்ளைக் கையைக் கறுப்பு நூலால் தைத்தாரே.

ஒரு புதினம் கேள். இந்தப் படமே இல்லாமல் போகப் பார்த்ததாம். 1998இல் படத்தைச் செய்த பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஒரு கட்டளையால் கோப்புகள் மளமளவென்று அழிந்துவிட்டன. காப்புப் பிரதியும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு பெண்ணின் கணினியில் பிரதி ஒன்று இருந்ததாம். அதைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து, முட்டைப் பெட்டியைப் போலக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதில் வேடிக்கை, பிறகு கதை சரியில்லை என்று ஒன்பது மாதத்தில் படத்தைப் பெரும்பாலும் திரும்பச் செய்ததுதான். 1999 நவம்பரில் வெளியானது அதுதான்.

பீற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். பெட்டி பிரிக்கப்படாமலே கிழடான அந்தப் பொம்மையை நாம் எப்படித் திட்டினோம்! நேற்று எனக்குத் திட்ட வாய் வரவில்லை. ஆண்டி உன்னைக் கல்லூரிக்குக் கூட்டிப் போவானா என்று அவன் உடியிடம் கேட்பது நியாயமான கேள்விதானே? செய்தது அநியாயம், அது வேறு கதை.

இன்று காலை அலுமாரிக்கு மேலிருந்த உன் பெட்டியை இறக்கினேன். நீங்கள் வீட்டைக் காலிசெய்த அன்று "வந்து எடுக்கிறேன்" என்று தந்துவிட்டுப் போனாயே, அதுதான். வீசீடி இருக்கிறது, உறைதான் இல்லை. பொம்மையும் இருக்கிறது, கறுப்புத் தையல் ஒரு நூல்கூட விடவில்லை. மகள் கையில் எடுத்து, "இது யாருடையது?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன். மெதுவாகத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அடுத்த மாதம் தெரிந்தவர் ஒருவர் அங்கே வருகிறார். கொடுத்துவிடட்டுமா? வீடு மாறியதாகச் சொன்னாய், புது முகவரியை அனுப்பு. வேண்டாமென்றால் அதையும் எழுது. மகள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அடுத்த வீட்டுக்காரி