வேதாளத்துக்கு ஒரு குஷன் போதும்

அம்மாடி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சோபா படங்களைப் பார்த்தோம். நீலக் கோட்டுப் போட்ட முயல், தலையில் குல்லாய் கட்டிய வாத்து என்று இங்கிலாந்துக் கதைப் புத்தகப் படங்களாகவே வரிசையாகக் குஷன்கள். அம்மாவுக்கு முயலைப் பிடித்துவிட்டது. “இதே மாதிரி நம்ம அம்புலிமாமா படங்களைப் போட்டால் என்னப்பா?” என்று கீழே கேட்டிருந்தாயே, எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆனால் அம்புலிமாமா இதழ்களைச் சேர்த்துக் கட்டிய பைண்டு வால்யூம்களை கூரியரில் அனுப்ப மாட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி. மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்னால் அங்கே பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியவை அவை. தாள் பழுத்துப்போய், பக்கத்தை வேகமாகப் புரட்டினாலே ஓரம் உதிர்கிறது. கத்தரிக்கோல் பேச்சே வேண்டாம். வேண்டிய பக்கங்களை நானே ஸ்கேன் செய்து அனுப்புகிறேன்.

எந்தப் பக்கம் என்பதில்தான் உனக்கும் எனக்கும் சண்டை வரும். பாரிமுனை அச்சகத்தில் ஆயுசைக் கழித்தவன் சொல்கிறேன், கேள். புத்தகத்தில் அழகாக இருக்கிற எல்லாப் படமும் துணியில் அழகாக வராது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கலர் படம் முழுக்கப் புள்ளிதான். நான் எடுத்து வைத்திருக்கிற பக்கத்தில் ராஜாவின் சிவப்பு அங்கவஸ்திரம் கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகி, தோளுக்கு வெளியே சிந்தியிருக்கிறது. ரெஜிஸ்டர், அதாவது ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் பொருந்துவது, சரியாக உட்காரவில்லை. உள்ளங்கை அளவில் அது கண்ணுக்கே தெரியாது. நாலு மடங்கு பெரிதாக்கினால் ராஜாவுக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். கறுப்புக் கோடுகளால் வரைந்த படம் அப்படியில்லை, எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். நாலு அங்குலப் படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வருகிற மாதிரி ஸ்கேன் செய்தால், 16 அங்குலக் குஷனுக்குப் பெரிதாக்கின பிறகும் 150 நிற்கும். துணிக்கு அது தாராளம்.

அதனால் என் ஓட்டு சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனுக்கு. கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. கே.சி. சிவசங்கரன் என்பது முழுப்பெயர். 1952-இல் அம்புலிமாமாவில் சேர்ந்தவர். பள்ளிக்கூடம் படித்தது நம்ம முத்தியால்பேட்டையில். அந்தப் பெருமை வடசென்னைக்காரனுக்கு இல்லாமல் போகுமா? ஹாலில் பிணமா என்று அம்மா முகத்தைச் சுளிக்கிறாள். பேத்திக்குப் பிடிக்கும், பார்.

ஆனால் வேதாளம் ஒரு குஷனில் மட்டும். இன்னொன்றில் குதிரையோ மரமோ போடு. மற்றதெல்லாம் படத்திலிருக்கிற ஒரு நிறத்தை எடுத்து வெறும் கலர் துணியாக இருக்கட்டும். ஆறிலும் படம் போட்டால் வருகிறவர்கள் உட்காராமல் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மாப்பிள்ளை டிவி பார்க்கச் சாய்வதும் வேதாளத்தின் மேலேயா?

துணி அம்மா இலாகா. எம்.சி. ரோட்டில் வெள்ளைக் காட்டன் கொஞ்சம் தடிமனாக எடுத்து, தண்ணீரில் அலசிச் சுருக்கி, இஸ்திரி போட்டு அனுப்புவாள். அதிலேயே அச்சடிக்கச் சொல். “சப்ளிமேஷன் பண்ணித் தருகிறோம், சீக்கிரம் ஆகும்” என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிடாதே. சூடு வைத்து ஏற்றுகிற அந்த மை பாலியஸ்டரில்தான் ஏறும், காட்டனில் நிற்காது. பாலியஸ்டரோ பளபளவென்று இருந்து பழைய புத்தகத்தின் சாயலையே கெடுத்துவிடும். காட்டனுக்குப் பிக்மெண்ட் அல்லது ரியாக்டிவ் பிரிண்ட் என்று கேள். வெள்ளைப் பின்னணியும் வேண்டாம். தாளின் அந்தப் பழுப்பை நான் ஸ்கேனில் அப்படியே விட்டு வைக்கிறேன், நீ கம்ப்யூட்டரில் வெளுத்துவிடாதே. துவைக்கும்போது உறையை உள்பக்கம் திருப்பிப் போடு, வெயிலில் காயவைக்காதே. உறையைப் பஞ்சு குஷனை விட ஒரு அங்குலம் சின்னதாகத் தைத்தால்தான் புஸ்ஸென்று நிற்கும் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள்.

அப்புறம், உன் சிநேகிதிகள் காசு கொடுத்துக் கேட்கிறார்கள் என்றாயே, அது ஆகாது. நம் நாட்டுச் சட்டத்தில் ஓவியர் காலமான அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷத்துக்குப் பதிப்புரிமை உண்டு. சங்கர் போனது 2020-இல். அடுத்த வருஷம்தான் பத்மஸ்ரீ அறிவித்தார்கள், பார்த்துக்கொள்ள அவர் இல்லை. அந்த நீலக்கோட்டு முயலை வரைந்த பீட்ரிக்ஸ் பாட்டர் 1943-இலேயே காலமாகிவிட்டார். கடை வைக்கிற ஆசை இருந்தால், இங்கே அந்த முயலை வைத்துப் பிழைத்துக்கொள்.

அளவு டேப் வைத்து சோபாவின் முதுகு உயரத்தை அளந்து அனுப்பு. கண்ணளவு வேண்டாம். ஜிப் கீழ்ப்பக்கமா, பின்பக்கமா என்றும் சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை துணி எடுக்கப் போவதாக அம்மா இப்போதே பையைத் தேடுகிறாள்.

அன்புடன்
அப்பா
பழைய வண்ணாரப்பேட்டை