மம்பட்டிக் காம்பும் ஒரு வைட்டமினும்

காங்கயம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்துக்கு வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அந்த வாரம் முழுக்க ரத்தப் பரிசோதனை என்று கோவைக்கு அலைந்துகொண்டிருந்தேன். மழை இங்கே சரியில்லை, கொள்ளு விதைத்ததோடு சரி.

விஷயம் என்னவென்றால், எனக்கு ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடுதலாம். பி12 வைட்டமின் குறைந்தாலும் அது ஏறுமாம், ஆனால் எனக்குப் பி12 நன்றாகத்தான் இருக்கிறது. தம்பியும் நானும் ஒரே அடுப்பில் சமைத்த அரிசியும் பருப்பும் சாதத்தைத்தான் சாப்பிடுகிறோம், அவனுக்கு ஒன்றுமில்லை. பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் விடாமல் போன் செய்து மரபணுப் பரிசோதனையையும் தலையில் கட்டிவிட்டார்கள். எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுவில் 677ஆவது எழுத்து, அப்பா வழி, அம்மா வழி ரெண்டு பிரதியிலும் மாறியிருக்கிறதாம்.

டாக்டரிடம் காட்டினால், "இதற்கு எதற்குங்க பணத்தைக் கொட்டினீங்க?" என்று சத்தம் போட்டார். அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பே 2013இல் இந்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். அப்புறம்தான் பொறுமையாக விளக்கினார். கீரையிலும் பயறிலும் இருக்கிற ஃபோலேட் என்ற பி வைட்டமினை உடம்பு அப்படியே பயன்படுத்தாது, ஒரு நொதி (என்சைம்) அதை மாற்றித்தர வேண்டும். அந்த நொதியைச் செய்வதற்கான குறிப்புதான் நான் சொன்ன மரபணு. என் நொதியின் வேகம் மற்றவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்குதான். வேலை தேங்கினால் ஹோமோசிஸ்டீன் ஏறும்.

அந்த நொதி பி2 வைட்டமினைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யும். என்னுடையதில் பிடி தளர்ந்து அது கழன்றுவிடுகிறது. காம்பு ஆடுகிற மம்பட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளேன். ஆப்பு அடித்தால் வெட்டும். வட அயர்லாந்தில் இருக்கிற அல்ஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இப்படிப்பட்டவர்களுக்கு 12 வாரம் தினமும் 1.6 மில்லிகிராம் பி2 கொடுத்ததில் ஹோமோசிஸ்டீன் 22 சதவீதம் இறங்கியிருக்கிறது. மரபணு மாறவில்லை, ஆப்புதான் இறுகியது.

தயிர்ப் போசியில் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைப் பார்த்திருக்கிறாயா? லேசாகப் பச்சை கலந்த மஞ்சள். அந்த நிறமே பி2தான். அறுபது வருசமாக அதை வடித்துக் கட்டுத்தறிப் பக்கம் ஊற்றியவன் நான்! இப்போது அம்மணி ஊற்ற விடுவதில்லை, நானே குடிக்கிறேன். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போவதும் இதே சங்கதி, பயப்படாதே.

தினமும் முருங்கைக்கீரை தின்றும் டாக்டர் ஏன் வைட்டமின் ஏ மாத்திரை தருகிறார் என்று கேட்டிருந்தாய். கீரையில் இருப்பது கரோட்டின், வைட்டமின் ஏ அல்ல. குடலில் ஒரு நொதி அதை வெட்ட வேண்டும், அது ஆளுக்கு ஆள் வேகம் மாறும். இதுவும் பிறப்போடு வருவதுதான். வதக்கும்போது எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணாதே, கொழுப்பு இல்லாமல் கரோட்டின் சரியாக உள்ளே போகாது. மாத்திரையை மட்டும் நீயாகக் கூட்டவோ நிறுத்தவோ செய்யாதே. வைட்டமின் ஏ அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும்.

எனக்குப் பொறாமையெல்லாம் பட்டியில் நிற்கும் வெள்ளாட்டின் மேல்தான். வைட்டமின் சியை அதன் ஈரலே சர்க்கரையிலிருந்து செய்துகொள்கிறது. அதைச் செய்வதற்கான மரபணு நம்மிடமும் கிடக்கிறது, உடைந்துபோய். ஆடு வேலி முள்ளைத் தின்றுவிட்டு ஜம்மென்று நிற்க, நாம் நெல்லிக்காய் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருசம் நம் மரத்தில் காய்ப்பு நன்றாக இருக்கிறது. அடுத்த சந்தைக்கு வரும் வண்டியில் ஒரு பை கொடுத்துவிடுகிறேன், பையைத் திருப்பி அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்