ஸ்டர்லிங் மாஸுக்கு ஓர் இடம் கேட்டு எஃப்ஐஏ-வுக்கு ஒரு திறந்த மடல்

உலக மோட்டார் பந்தயங்களுக்கான கூட்டமைப்பான எஃப்ஐஏ-வின் தலைவருக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

2017 டிசம்பரில் பாரிஸில் உங்கள் புகழரங்கத்தைத் திறந்தீர்கள். அதுவரை ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆன 33 பேரின் பெயரும் அதில் ஏறியது. நல்ல காரியம். ஆனால், அந்தப் பட்டியலைப் படித்த பழைய ரசிகர்கள் எல்லோரும் மனசுக்குள் இன்னொரு பெயரைத் தேடியிருப்பார்கள். பிரிட்டனின் பந்தயக் கார் ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸ். அப்போது அவர் உயிரோடு இருந்தார், வயது 88. அடுத்த மாதமே, இனி அவர் வெளி நிகழ்ச்சிகளுக்கு வரமாட்டார் என்ற அறிவிப்பு வந்தது. 2020 ஏப்ரல் 12-ஆம் தேதி, லண்டனில் தன் வீட்டில், மனைவி பக்கத்தில் இருக்க, உயிர் பிரிந்தது.

அது உலகமே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சமயம். அப்படிப்பட்ட ஒரு மனிதருக்குக் கூட்டமாகக் கூடி விடைகொடுக்க வழியில்லாமல் போயிற்று. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவு வழிபாடு நடந்ததே 2024 மே மாதம்தான். நாங்கள் ரசிகர்கள் அன்று செய்ய முடிந்தது ஒன்றுதான்: ஆளுக்கு ஒரு பந்தயத்தை நினைவுபடுத்திப் பேசிக்கொண்டோம். எங்களில் பெரும்பாலோர் அவர் ஓட்டியதை நேரில் பார்த்தவர்கள் இல்லை. அவர் ஃபார்முலா ஒன்னை விட்ட பிறகு பிறந்தவர்கள்தான் அதிகம். கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களிலும் பழைய பத்திரிகைப் பக்கங்களிலும் பார்த்துப் பிடித்துப்போன மனிதர் அவர். ஒருவர் மோனாக்கோ என்றார், ஒருவர் நூர்பர்க்ரிங் என்றார். ஆனால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நின்றது போர்ட்டோவில்.

அந்தப் போர்ட்டோவைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன். உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

1958 ஆகஸ்ட் 24. போர்ச்சுகல் கிராண்ட் ப்ரி. போர்ட்டோ நகரத்தின் தெருக்களே பந்தயப் பாதை. கல் பாவிய சாலை, நடுவே டிராம் தண்டவாளம். வான்வால் காரில் மாஸ் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். சாம்பியன் பட்டத்துக்கு அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மைக் ஹாத்தார்ன், ஃபெராரியில் இரண்டாவது. கடைசிச் சுற்றில் ஹாத்தார்னின் கார் சுழன்று நின்றுவிட்டது. எஞ்சினும் அணைந்துவிட்டது. அவர் இறங்கி, காரை மேட்டுப் பக்கமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்தை முடித்துவிட்டு மெதுவாகச் சுற்றி வந்த மாஸ் அதைப் பார்த்தார். மேட்டில் தள்ளாதே, இறக்கத்தில் தள்ளு என்று கத்திச் சொன்னார். அப்படியே செய்ததும் கார் கிளம்பியது. ஹாத்தார்ன் இரண்டாவது இடத்தில் முடித்தார்.

அதோடு முடியவில்லை. காரைப் பந்தயத் திசைக்கு எதிராகத் தள்ளினார் என்று, விதிமீறல்களை விசாரிக்கும் அதிகாரிகளான ஸ்டூவர்டுகள் ஹாத்தார்னைத் தகுதிநீக்கம் செய்யப் போனார்கள். மாஸ் சும்மா இருந்திருந்தாலே போதும். எதிராளியின் புள்ளிகள் தானாகப் போயிருக்கும். அவர் தானே போய் சாட்சி சொன்னார். ஹாத்தார்ன் தள்ளியது பந்தயப் பாதையில் இல்லை, ஓரத்து நடைபாதையில், அது விதிமீறல் ஆகாது என்றார். ஸ்டூவர்டுகள் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது இடத்துக்கு 6, அதிவேகச் சுற்றுக்கு 1, ஆக 7 புள்ளிகள் ஹாத்தார்னிடமே நின்றன.

அந்த ஒரு புள்ளிக்கும் ஒரு கதை இருக்கிறது. ஹாத்தார்ன் சுற்றுச் சாதனை போட்டுவிட்டார் என்பதற்காக மாஸின் குழு பாதையோரம் காட்டும் பிட் பலகையில் 'ரெக்கார்டு' என்பதை REC என்று சுருக்கிக் காட்டியது. ஓடும் காரில் இருந்து பார்த்த மாஸுக்கு அது 'ரெகுலர்' என்பதன் சுருக்கமான REG ஆகத் தெரிந்தது. ஹாத்தார்ன் சீராக வருகிறார், கவலையில்லை என்று நினைத்து அவர் வேகத்தைக் கூட்டவில்லை. ஒரே ஓர் எழுத்து மாறிப்போனது.

அந்த ஆண்டு முடிவு எல்லோருக்கும் தெரியும். ஹாத்தார்ன் 42, மாஸ் 41. மாஸ் வென்றது நான்கு பந்தயங்கள், ஹாத்தார்ன் ஒன்று. அன்றைய விதிப்படி ஒரு ஓட்டுநரின் சிறந்த ஆறு முடிவுகள் மட்டுமே கணக்கில் சேரும். நான் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். போர்ட்டோவின் 7 புள்ளிகளை எடுத்துவிட்டு அடுத்த சிறந்த முடிவைச் சேர்த்தால் ஹாத்தார்னுக்கு 39 வருகிறது. ஆக, அன்று போர்ட்டோவில் மாஸ் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், மற்றதெல்லாம் அப்படியே நடந்திருக்கும் பட்சத்தில், 1958-இன் உலக சாம்பியன் அவர்தான். உங்கள் அரங்கத்தில் அவர் பெயரும் இருந்திருக்கும்.

ஹாத்தார்னைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பட்டம் அவருக்கு முறையாகக் கிடைத்தது. பட்டம் வாங்கிய கையோடு ஓய்வு அறிவித்து, மூன்றே மாதத்தில், 1959 ஜனவரியில் சாலை விபத்தில் இறந்துபோனார். அவர் பெயர் அங்கே இருப்பது நியாயம். நான் கேட்பது, அந்தப் பெயர் அங்கே இருப்பதற்குத் தன் வாயால் நியாயம் பேசிய இன்னொருவரும் அதே சுவரில் இருக்க வேண்டாமா என்பதைத்தான்.

அவர் இறந்த செய்தி வந்த நாளில் ஏறக்குறைய எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே வரி வந்தது: உலக சாம்பியன் பட்டம் வெல்லாதவர்களில் தலைசிறந்தவர். பாராட்டாகத்தான் எழுதினார்கள். ஆனால் எனக்கு அந்த வரி ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. ஒரு மனிதரை அவர் கையில் இல்லாத ஒன்றை வைத்தே அறிமுகப்படுத்துகிறோம். 1955 முதல் 1958 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு இரண்டாவது இடம், அதில் மூன்று முறை சாம்பியன் ஃபான்ஜியோவுக்கு அடுத்து. பிறகு மூன்று ஆண்டு மூன்றாவது இடம். இதைப் படிக்கிற புதிய ரசிகருக்கு, எப்போதும் கொஞ்சம் பிந்திப்போன ஆள் என்றுதான் தோன்றும். 66 கிராண்ட் ப்ரியில் 16 வெற்றி. எல்லா வகைப் பந்தயங்களையும் சேர்த்தால் 529-இல் 212. பிந்திப்போன ஆளின் கணக்கா இது?

1955 மே 1-ஆம் தேதி மில்லே மில்யா பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் பிரெஷாவில் கிளம்பி, ரோம் போய், மறுபடி பிரெஷா. ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர், எல்லாம் பொதுச் சாலை. காலை 7.22-க்குக் கிளம்பியதால் மெர்சிடிஸ் காருக்கு எண் 722. பக்கத்து இருக்கையில் தாடி வைத்த பத்திரிகையாளர் டெனிஸ் ஜென்கின்சன். கையில் ஓர் அலுமினியப் பெட்டி, அதற்குள் 18 அடி நீளக் காகிதச் சுருள். வழியில் எந்த வளைவு எப்படி, எந்த மேட்டுக்கு அப்பால் சாலை எப்படித் திரும்பும் என்பதெல்லாம் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து எழுதி வைத்த குறிப்புகள். சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் எல்லாம் கைச்சாடைதான். நடுவில் ஜென்கின்சனுக்குக் குமட்டி, வெளியே தலை நீட்டியபோது மூக்குக்கண்ணாடி காற்றோடு போயிற்று. நல்லவேளை, இன்னொன்று வைத்திருந்தார். மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாத இடத்திலும், பக்கத்தில் உட்கார்ந்தவர் கையசைத்தால் மாஸ் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கமாட்டார். ஒருவர் சொல்லை இன்னொருவர் அந்த அளவு நம்பி ஓட்டிய பயணம் அது. 10 மணி 7 நிமிடம் 48 விநாடி. சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தை அந்தப் பந்தயத்தில் பிறகு யாரும் தொடவில்லை.

அடுத்து, 1961 மோனாக்கோ. ஃபெராரிகளுக்குக் குதிரைத்திறன் அதிகம். மாஸ் ஓட்டியதோ ராப் வாக்கர் என்ற தனியாரின் குழுவுக்குச் சொந்தமான, முந்தைய ஆண்டு மாடல் லோட்டஸ். கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் சட்டகத்தில் ஒரு குழாய் விரிசல் விட்டிருப்பதை மாஸே கவனித்தார். பெட்ரோல் நிரம்பிய தொட்டியை ஈரத்துணியால் மூடிவிட்டு, அந்த இடத்திலேயே வெல்டிங் வைத்தார் மெக்கானிக் ஆல்ஃப் ஃபிரான்சிஸ். 100 சுற்று. பின்னால் ஃபெராரிகள் மாறி மாறித் துரத்தின. கடைசியில் ஃபெராரி ஓட்டுநர் ரிச்சி கின்தரை 3.6 விநாடியில் முந்தி முடித்தார்.

1962 ஏப்ரல் 23 அன்று இங்கிலாந்தின் குட்வுட் பந்தயப் பாதையில் மாஸுக்கு நடந்த விபத்தை நான் விரிவாக எழுதப்போவதில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தார், ஆறு மாதம் இடப்பக்கம் சரியாக இயங்கவில்லை. மறு ஆண்டு அதே குட்வுட்டுக்குத் தனியாகப் போய் ஒரு காரை ஓட்டிப் பார்த்தார். முன்பு யோசிக்காமலே கை செய்ததை இப்போது யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று உணர்ந்தார். அன்றே ஓய்வு அறிவித்துவிட்டார், வயது 33. யாரும் அவரை நிறுத்தவில்லை, குழு அவரைக் கைவிடவில்லை. தன்னைத் தானே சோதித்துத் தானே தீர்ப்பு எழுதினார். அப்புறம் பழைய கார்களின் பந்தயங்களில் பல ஆண்டு மகிழ்ச்சியாக ஓட்டினார். 2011-இல் லெ மான்ஸில், 81 வயதில், தகுதிச் சுற்றின்போது தனக்கே பயம் வந்துவிட்டது என்று வெளிப்படையாகச் சொல்லி அதையும் விட்டார். போர்ட்டோவில் ஹாத்தார்னுக்காக உண்மை பேசிய அதே வாய்தான் தனக்கு எதிராகவும் பேசியது.

சரி, நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். சாம்பியன்கள் மட்டும் என்ற உங்கள் அளவுகோலை உடைக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு வாசலைத் திறங்கள். பட்டம் இல்லாமலே இந்த விளையாட்டை உயர்த்தியவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கி, முதல் பெயராக மாஸை எழுதுங்கள். பெயருக்குக் கீழே வெற்றிக் கணக்கோடு போர்ட்டோவையும் எழுதுங்கள்.

இன்னொன்று. ஸ்டூவர்டுகளுக்கும் இளம் ஓட்டுநர்களுக்கும் நீங்கள் நடத்தும் வகுப்புகளில் 1958 ஆகஸ்ட் 24-ஐ ஒரு பாடமாக வையுங்கள். இன்று பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதிராளிக்குப் பெனால்டி கொடுங்கள் என்று ரேடியோவில் கேட்கும் குரல்களை நாங்கள் எல்லோரும் கேட்கிறோம். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்படிக் கேட்பதுதான் வழக்கம் என்று பார்த்து வளர்ந்தவர்கள். வேறு மாதிரியும் ஒருவர் நடந்துகொண்டார், அதுவும் உலகப் பட்டமே போகும் நிலையில் நடந்துகொண்டார் என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும். உங்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

படம் எது வைப்பது என்று கேட்டால், அதையும் நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். கோப்பையைத் தூக்கிய படம் வேண்டாம். மோனாக்கோ 1961 படம் ஒன்று இருக்கிறது. அன்று வெயில் அதிகம் என்று காற்று வர லோட்டஸின் பக்கத் தகடுகளைக் கழற்றிவிட்டு ஓட்டினார். கருநீலக் கார், மூக்கில் வெள்ளைப் பட்டை, எண் 20. தலையில் வெள்ளை ஹெல்மெட். தகடு இல்லாததால் உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மனிதர் முழுசாகத் தெரிகிறார். அதை வையுங்கள்.

பதிலை எதிர்பார்த்து,
ஸ்டர்லிங் மாஸின் ரசிகர்களில் ஒருவர்