அந்த வாட்சை வாங்கலாமா என்று கேட்டாயே

புதுச்சேரி
ஞாயிறு

அன்புள்ள மாப்ள,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி தேவலை என்று எழுதியிருந்தது நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்துவிட்டது, உன் தங்கச்சிதான் முனகிக்கொண்டே இருக்கிறாள். மற்ற கதை நேரில்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பார்த்த பழைய சுவிஸ் வாட்சுக்கு, டயலில் 'ஆன்டிமேக்னடிக்', அதாவது காந்தம் தாங்கும், என்று இருப்பதற்காகவே கடைக்காரர் விலையை ஏற்றுகிறார் என்றாயே. அந்த எழுத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதே. 1950களிலும் 60களிலும் வந்த வாட்சுகளில் தடுக்கி விழுந்தால் அந்த எழுத்துதான்.

காந்தம் பட்டால் முதலில் கெடுவது ஹேர் ஸ்பிரிங், பேலன்ஸ் என்ற ஆடும் சக்கரத்தை ஆட்டுவிக்கிற மயிரிழைச் சுருள். பழைய எஃகு ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆடுகிற நீளம் குறையும், பேலன்ஸ் வேகமெடுக்கும், வாட்ச் தாறுமாறாக முந்தும். நெய்வேலியில் ஜெனரேட்டர் பக்கம் போகும்போதெல்லாம் வாட்சைக் கழற்றி டிராயரில் போடுவாயே, அது இதற்குத்தான். நிக்கல் கலந்த எஃகுகளை ஆராய்ந்ததற்காக சார்லஸ் எதுவார் கியோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். அவர் போட்ட பாதையில்தான் 1930களில் காந்தத்துக்கு அவ்வளவாக மசியாத நிவராக்ஸ் என்ற கலப்புலோக ஸ்பிரிங் வந்தது. 1930இல் டிஸ்ஸோ கம்பெனி காந்தம் தாங்கும் கைக்கடிகாரத்தை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. டயலில் அந்த எழுத்து இருந்தால் பெரும்பாலும் உள்ளே இந்த மாதிரி ஸ்பிரிங் இருக்கிறது, அவ்வளவே. காந்தம் தாங்கும் வாட்சுக்கான இன்றைய சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 764கூட, காந்தப்புல அளவில் ஏறத்தாழ 60 காஸ் தாங்கினால் போதும் என்றுதான் கேட்கிறது.

நிஜமான சூரர்கள் வேறு ஜாதி. அவற்றில் மெஷினைச் சுற்றி மெல்லிரும்பில் இன்னொரு கூடு இருக்கும், டயலும் இரும்புதான். காந்தப்புலம் அந்த இரும்பு வழியாகவே சுற்றிப் போய்விடும், மெஷின் பக்கம் எட்டிப் பார்க்காது. பிரிட்டிஷ் விமானப்படைக்காக 1948இல் வந்த ஐடபிள்யூசி மார்க் 11, அதே கம்பெனியின் 1955 இன்ஜெனியர், அதையடுத்து ரோலெக்ஸ் மில்காஸ், 1957இல் ஒமேகா ரயில்மாஸ்டர். இவற்றில் மில்காஸும் ரயில்மாஸ்டரும் 1000 காஸ் தாங்கும் என்று சொல்லியே விற்றவை. மின்னல் வடிவ வினாடிமுள் வைத்த பழைய மில்காஸ் ஒன்று 2023 ஏலத்தில் 20 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேலே போனது. அந்தப் பணத்துக்கு நம் தெருவில் பாதியை வளைத்துப் போடலாம். நமக்கு அது ஆகாது, எனக்கு அந்த ஆசையும் இல்லை.

எனக்குப் பிடித்தது சாமானியர் கட்டிய வாட்ச். போன மாதம் அப்படி ஒன்று கைக்கு வந்தது. தெரிந்த சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்) வீட்டில், தாத்தா வியட்நாமின் சைகோனிலிருந்து திரும்பும்போது கட்டிவந்த பிரெஞ்சு வாட்ச். பேரன் பிரான்சில் இருக்கிறான், அவனுக்கு இதில் நாட்டமில்லை. பின்மூடியைத் திறந்தால் உட்புறம் முழுக்க ஊசியால் கீறிய பொடிக் குறிகள். ஒவ்வொரு ரிப்பேர்க்காரரும் தன் கைக்கு வந்தபோது போட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக, மூன்று நான்கு கையெழுத்து. கண்ணில் லூப் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், சாப்பிடக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை என்று வீட்டில் புகார்.

சாவி கொடுத்ததும் ஓடியது, ஆனால் நாளுக்குக் கால் மணிநேரம் முந்தியது. திசைகாட்டியின் பக்கத்தில் வைத்தேன். முள் திரும்பியதோடு நிற்காமல், பேலன்ஸ் ஆட ஆடத் தானும் நடுங்கியது. காந்தம் ஏறிவிட்டது. வேறென்ன, இப்போது போன் கவர், ஸ்பீக்கர், ஹேண்ட்பேக் பட்டன் என்று எதைத் தொட்டாலும் காந்தம்தான். ரிப்பேர்க்காரரிடம் நீலநிறக் காந்தநீக்கிப் பெட்டி இருக்கிறது. பட்டனை அழுத்தியபடியே வாட்சை மெள்ள ஒரு கை தூரம் விலக்கி எடுத்தார், சரியாகிவிட்டது. சட்டென்று இழுத்தாலோ, பக்கத்தில் இருக்கும்போதே பட்டனை விட்டாலோ மறுபடி ஏறிக்கொள்ளும்.

நீயும் திசைகாட்டி எடுத்துப் போ. உள்ளே இரும்புக்கூடு இருந்தால் காந்தமே ஏறாவிட்டாலும் முள்ளின் இரண்டு நுனியையும் இழுக்கும், அதைக் கண்டு பயப்படாதே. ஒரு நுனியை இழுத்து மறுநுனியைத் தள்ளினால்தான் காந்தம். அது போக்கக்கூடிய கோளாறு, விலையைக் குறைக்கவும் உதவும். டயலை மட்டும் நன்றாகப் பார். எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் ஆறு மணிக்குக் கீழே கோணிக்கொண்டு நின்றால் மறுபெயின்ட் அடித்த டயல், விட்டுவிடு. பின்மூடியைத் திறக்கச் சொல். கடலூர் உப்புக்காற்றில் திருகுகளும் சாவித் தண்டும் துருப்பிடித்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எல்லாம் சரியென்றால் வாங்கு, ஆனால் கேஸை, அதாவது வெளிக்கூட்டை, பளபளப்பாக்கித் தருகிறேன் என்பார், கையைப் பிடித்து நிறுத்து.

பின்மூடியின் உட்புறத்தை போட்டோ எடுத்து அனுப்பு. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்
மச்சான்